இரவல் குளிர்

நான் இயற்பியல் படித்தவன் அல்ல. இயற்பியல் கோப்புகளைப் படித்தவன். ஓர் ஆய்வகத்தின் கொள்முதல் பிரிவில் பணிக்காலம் முழுவதையும் கழித்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊரான உத்திரமேரூரில் வந்து தங்கிவிட்டேன். யார் எந்த வாரியத்தில் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த ஊர் இது. விதிமுறைகளின் மேல் எனக்குள்ள பற்று அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டதா, ஊர்த் தண்ணீரில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அதற்கு மருந்து இல்லை என்பது மட்டும் என் மனைவிக்குத் தெரியும்.

அந்த ஆய்வகத்தில் ஒரு மேடம் இருக்கிறார். உயர் வெப்பநிலை மீக்கடத்தி மென்படலம் என்பது அவருடைய துறை. பெயரைப் பார்த்து யாரும் அடுப்பை நினைத்துவிட வேண்டாம். இங்கே உயர் வெப்பநிலை என்பது பூஜ்யத்துக்குக் கீழே கிட்டத்தட்ட இருநூறு டிகிரி. இதற்கு முந்தைய தலைமுறைப் பொருள்கள் இன்னும் கடுங்குளிரில்தான் வேலை செய்தன. அதனால் இதற்கு 'உயர்' என்று பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள். அலுவலகங்களில் முதுநிலை உதவியாளர் என்று ஒருவர் இருப்பாரே, அவர் எந்த அளவுக்கு முதுநிலையோ அந்த அளவுக்கு இது உயர்நிலை.

அந்தக் குளிரில் ஓட்டாஞ்சில்லு போன்ற ஒரு கருப்பு வில்லை மின்சாரத்துக்கு எந்தத் தடையும் சொல்லாமல் வழிவிடும். தடை சொல்லாமல் வழிவிடும் ஒன்றை ஓர் அரசு வளாகத்துக்குள் நான் பார்த்தது அங்கே மட்டும்தான். மேடம் அந்தக் கருப்பு வில்லையை லேசர் ஒளியால் சுட்டு ஆவியாக்குவார். ஆவி எதிரே இருக்கும் சூடான படிகத் தகட்டில் போய்ப் படியும். தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத படலம் அது. அதில் கடுகளவு வளையம் ஒன்றைச் செதுக்கினால், காந்தத்தை உணரும் கருவி கிடைக்கிறது. பூமிக்கடியில் உள்ள தாதும் தண்ணீரும் எழுப்பும் மிக மெல்லிய காந்த மாற்றங்களைக்கூட அது கேட்கும் என்பார் மேடம். 'கேட்கும்' என்றுதான் சொல்வார். பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய ஒவ்வொரு கோரிக்கையும் என் மேசையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். விரல் நகம் அளவுள்ள படிகத் தகடு ஒன்றை வாங்க நான் எடுத்துக்கொண்ட காலத்தில் அவருடைய மகள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள் என்று என் வழியனுப்பு விழாவில் மேடம் பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று முறை ஒப்பந்தப்புள்ளி கோரியும் உலகத்தில் ஒரே ஒரு நிறுவனம்தான் முன்வந்தது. ஒருவர் மட்டும் வந்தால் மறுபடி கோர வேண்டும் என்பது விதி. உலகத்தில் அதைச் செய்வதே அந்த ஒருவர்தான் என்று மேடம் சொன்னார். அதை எழுத்தில் கொடுங்கள் என்றேன். நான் செய்ததில் தவறு எதுவும் இல்லை. அதுதான் அதில் உள்ள சங்கடம்.

போன ஆண்டு ஒருநாள் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், உங்க ஊர்ப் பக்கம் அமைதியான இடம் ஏதாவது இருக்கா?"

"தியானத்துக்கா?"

"காந்தத்துக்கு. ரயில், தொழிற்சாலை, பெரிய மின்கம்பி எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது."

விஷயத்தைச் சொன்னார். மதிப்பீட்டுக் குழு ஒன்று அவருடைய திட்டத்தைப் பார்த்துவிட்டு, இந்த உணரி ஆய்வகத்தில், வெளிக் காந்தம் புகாத கவச அறைக்குள் மட்டும்தானே வேலை செய்கிறது என்று கேட்டிருக்கிறது. வெளியே, திறந்த வெளியில், குறுக்கீடு இல்லாத ஒரு மணி நேரப் பதிவு வேண்டும். இல்லையென்றால் திட்டத்தை முடித்து, படலம் வளர்க்கும் கலத்தைப் பிரித்து, அறையை வேறு பிரிவுக்குக் கொடுத்துவிடுவார்கள். இருபது வருடத்து அறை. அவரிடம் மீதி இருந்ததோ ஒரே ஒரு நல்ல உணரி. மற்றவையெல்லாம் ஈரக்காற்றுப் பட்டுப் போய்விட்டன. அந்தப் படலத்துக்குத் தண்ணீர் ஆகாது. குளிரிலிருந்து வெளியே எடுத்தால் காற்றின் ஈரம் அதன்மேல் வேர்த்து நிற்கும். வேர்த்தால் ஆயுள் குறையும்.

திருப்புலிவனத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இருக்கிறார். கணவர் வெளியூரில் லாரி ஓட்டுகிறார். விவசாயம் முழுக்க இந்த அம்மாள் கையில்தான். அவருடைய நிலத்தில் ஆழ்துளைக் கிணறு வற்றிப்போய்த் தரிசாகக் கிடந்த ஒரு துண்டு இருந்தது. பக்கத்து நிலங்களில் மோட்டார்கள் உண்டு; ஆனால் மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். அந்த வாரம் பிற்பகல் இரண்டு மணிக்கு நின்றுவிடும். மோட்டார்கள் அடங்கினால் மேடத்துக்கு வேண்டிய அமைதி கிடைக்கும். நிலத்தில் ஒரு கருவியை வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் அம்மாள் உடனே சம்மதித்தார்.

"தண்ணி பாக்கற மிசினா, ஆபீசர் சார்?"

"பிற்காலத்துல பாக்கலாம். இப்ப அது வேலை செய்யுதான்னுதான் பாக்கப் போறோம்."

"வேல செய்யுதான்னு பாக்கறதுக்கே ஒரு மிசினா" என்றார். மதிப்பீட்டுக் குழுவும் ஏறக்குறைய இதையேதான் கேட்டிருந்தது.

குறித்த நாளில் மேடம் ஒரு ஜீப்பில் பத்து மணிக்கு வந்து இறங்கினார். உதவிக்கு ஓட்டுநர் மட்டும். ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் வேலை கிடைத்துப் போய்விட்டார்களாம். உணரி ஏற்கெனவே குளிரில்தான் இருந்தது: கண்ணாடியிழையால் செய்த ஒரு குடுவை, அதற்குள் அந்த இருநூறு டிகிரிக் குளிரைத் தரும் திரவ நைட்ரஜன், அதற்குள் உணரி. குடுவை வயதானது. அவ்வப்போது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றுவதற்கான நைட்ரஜன் ஒரு பெரிய கலனில் தனியாக வந்திருந்தது.

அந்தக் கலனைப் பார்த்ததும் மேடத்தின் முகம் மாறியது. அதன் வெளிப்பக்கம் முழுக்க வெண்பனி பூத்திருந்தது.

"அழகாகீது" என்றார் நிலத்துக்கார அம்மாள். "ஐஸ்பெட்டி மாதிரி பூத்துக்கினு கீது."

"பூக்கக் கூடாதும்மா" என்றார் மேடம்.

நல்ல கலன் வெளியே காய்ந்து கிடக்க வேண்டும். இரட்டைச் சுவர்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம், வழியில் எந்த வேகத்தடையிலோ அடிபட்டுக் கெட்டுப்போயிருந்தது. மூடியைத் திறந்தபோது அடியில் கொஞ்சம் புகை மட்டும் இருந்தது. குடுவையில் இருப்பது பன்னிரண்டரை வரை தாங்கும் என்றார் மேடம். அமைதி கிடைப்பதோ இரண்டு மணிக்கு. சென்னைக்குப் போய் நிரப்பி வருவதற்குள் உணரி சூடாகிவிடும். அன்றைக்குப் பார்த்து மழைக்கு முந்தைய புழுக்கம் வேறு. அவர் குடுவையின் கழுத்தில் கையை வைத்தபடி நின்றார். நானும் நின்றேன். இப்படிப்பட்ட நேரங்களில் என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

வழி சொன்னது அந்த அம்மாள்தான்.

"இந்தப் புகை வர தண்ணி எங்க டாக்டராண்ட கீதே. சினை ஊசி குச்சிய அதுலதான போட்டு வெச்சிக்கினு கீறாரு. இன்னிக்குகூட எங்க மாட்டுக்கு ஊசி போட வரேன்னாரு."

மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடமாகத் திரவ நைட்ரஜனோடு வாழ்ந்தவருக்கு, நாட்டில் அதை அதிகம் தெரிந்து வைத்திருப்பவர்கள் மாடு வளர்ப்பவர்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. காளையின் உறைவிந்துக் குச்சிகளை ஊர் ஊராகக் கொண்டுபோவது அதற்குள் வைத்துத்தான்.

கால்நடைக் கிளை நிலையம் இரண்டு கிலோமீட்டரில் இருந்தது. அங்கிருந்தவர் உண்மையில் கால்நடை ஆய்வாளர். ஊரில் எல்லோருக்கும் டாக்டர். அவர் யாரையும் திருத்துவதில்லை. நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பழைய பதவியையும் சொல்லி, விஷயத்துக்கு வந்தேன்.

"சார், இது கவர்மெண்ட் நைட்ரஜன்" என்றார்.

"அதுவும் கவர்மெண்ட் கருவிதான்."

"வேற டிபார்ட்மெண்ட் சார்."

நானாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த நிமிடத்திலிருந்து அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

அவரிடம் இரண்டு கலன்கள் இருந்தன. பெரியது நிலையத்தை விட்டு நகராது, குச்சிகளெல்லாம் அதில்தான். ஒரு மர அளவுகோலை உள்ளே விட்டு எடுத்து, அதன்மேல் படிந்த பனியின் உயரத்தைக் காட்டினார். குறைந்தபட்ச அளவுக் கோட்டுக்கு அரை விரற்கடை மேலே நின்றது. மாவட்டத்திலிருந்து வர வேண்டிய வண்டி இன்னும் வரவில்லை. அதில் கைவைக்க முடியாது என்றார். வைக்கக் கூடாது என்று நானும் சொன்னேன். சிறியது, இருசக்கர வண்டியில் வைத்து வீடுகளுக்குக் கொண்டுபோவது. அன்று காலைதான் அதில் ஊற்றி வைத்திருந்தார். இரண்டு லிட்டர் இருக்கும்.

"இதக் குடுத்துட்டா குச்சிய எதுல எடுத்துக்கினு போறது? இன்னிக்கு ஒரு கேஸ் கீது."

"எத்தனை கேஸ்?"

"ஒண்ணுதான். அந்தத் திருப்புலிவனத்தம்மா மாடு. ரெண்டு தபா ஊசி போட்டும் சினை நிக்கல. இந்தத் தபா விட்டா மறுபடி மூணு வாரம்."

"மாடு இங்க வந்துட்டா?"

அவர் என்னைப் பார்த்தார். விதியில் அப்படித்தான் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: மாட்டை நிலையத்துக்கு ஓட்டிவர வேண்டும். வீட்டுக்கே வந்து போடுவது பின்னால் ஏற்பட்ட சலுகை. மாடு இங்கே வந்தால் குச்சியைப் பெரிய கலனிலிருந்தே எடுத்துப் போடலாம். சிறிய கலன் அன்றைக்கு வேலையில்லாமல்தான் கிடக்கும்.

"மாடு வந்தா குடுக்கறேன்" என்றார். "ஆனா கலன் எங்கூடதான் வரும். விட்டுட்டு வரமாட்டேன்."

நைட்ரஜன் பதிவேட்டை எடுத்தார். நோக்கம் என்ற பத்தியில் 'கள அளவீடு' என்று எழுதினேன். அடுத்த பத்தி, எத்தனை மாடுகள்.

"பூஜ்யம்னு போடவா?"

"பூஜ்யம் போட்டா ஆடிட்ல கேப்பாங்க சார்."

ஒன்று என்று எழுதினேன்.

நிலத்துக்குத் திரும்பி வந்து அம்மாளிடம் சொன்னதும் அவர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். சம்மதம் என்று நினைத்தேன். சண்டைக்கு.

"இன்னா ஆபீசர் சார், வூட்டாண்ட வந்து போட்ற ஊசிக்கு மாட்ட ரெண்டு மைலு ஓட்டிக்கினு போவணுமா? காலைலேந்து கத்திக்கினு கீது. தீனியும் சரியா எடுக்கறதில்ல. நடக்கறப்பவே மொணகுது."

"மெதுவா நடக்கட்டும். எங்களுக்கு வேற வழியில்ல."

"ஒங்களுக்கு வழியில்லன்னா எம்மாடு ஏன் நடக்கணும்?"

மிகச் சரியான கேள்வி. மேடம் முன்னால் வந்தார். சுற்றி வளைக்கவில்லை. "அது சூடாயிடுச்சுன்னா இருபது வருஷ வேலை போயிடும்மா" என்றார். அவ்வளவுதான். அம்மாள் குடுவையைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், என்னை மட்டும் முறைத்தார்.

"இந்த அம்மாவுக்காகப் போறேன். ஒனக்காக இல்ல."

அதுவரை 'நீங்கள்' என்றுதான் இருந்தேன்.

பன்னிரண்டே காலுக்கு மாடும் அதன் பின்னால் நானும் நிலையத்தை அடைந்தோம். மாட்டை ஊசி போடும் மரச் சட்டத்துக்குள் நிறுத்தியதும் ஆய்வாளர் சிறிய கலனை என் மடியில் வைத்து, இருசக்கர வண்டியில் என்னை நிலத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஊசி போடத் திரும்பிப் போனார். கலனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றவர் என்னை நம்பி விட்டுப் போனதற்குக் காரணம், பதிவேட்டில் என் கையெழுத்து இருந்ததுதான். மேடம் ஓர் எவர்சில்வர் சொம்பில் சாய்த்துச் சாய்த்து ஊற்றினார். குடுவை நிறைந்தபோது பன்னிரண்டு இருபத்தைந்து. மிச்சத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, மூன்று மணி தாண்டியும் கொஞ்சம் தாங்கும் என்றார்.

பக்கத்தில் இரும்பு அசைந்தால் உணரி அதையும் கேட்டுவிடும் என்பதால் ஜீப்பை இருநூறு அடி தள்ளி நிறுத்தினோம். சாவிகள், கத்தி, மண்வெட்டி, சொம்பு எல்லாவற்றையும் நான் பட்டியல் போட்டு ஜீப்பில் வைத்தேன். நான் வேட்டியில் இருந்ததால் பெல்ட் கொக்கிச் சிக்கல் இல்லை. மடிக்கணினியை நீளமான கம்பி போட்டு வரப்பு மறைவில் வைத்தார் மேடம். இரண்டு மணிக்கு மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அதுவரை திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு, வகுப்பில் ஆசிரியர் நுழைந்ததுபோல அடங்கியது. மேடம் மூச்சு விட்டார். பதிவு தொடங்கியது.

முப்பத்தைந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதைப் பதிவு செய்வதற்காகத்தான் வந்திருந்தோம் என்பதால் எனக்கு மகிழ்ச்சி. பிறகு கோடு மெல்ல எழுந்தது. ஒரு மேடு. இறங்கியது. மறுபடி ஒரு மேடு.

நிமிர்ந்து பார்த்தால், அம்மாள் மாட்டை ஓட்டிக்கொண்டு வரப்போரமாக வந்துகொண்டிருந்தார். ஊசி போட்ட மாட்டை வெயிலில் நிறுத்தக் கூடாது என்று, குடுவைக்குப் பத்தடி தள்ளியிருந்த புங்க மரத்து நிழலுக்கு வந்திருக்கிறார். பின்னாலேயே ஆய்வாளர், கலனைத் திரும்ப வாங்க.

நான் எழுந்து ஓடினேன். இரும்பு எங்கே என்று அம்மாளிடம் கேட்டேன்.

"ஏது இரும்பு?"

"உங்க மேல."

அவருடைய தாலிச் சரட்டில் ஆறு ஊக்குகள் இருந்தன. "ஊக்கக்கூட அவுக்கணுமா? இன்னா மிசினு இது, மாமியா மாதிரி எல்லாத்தயும் பாக்குது" என்று சொல்லிக்கொண்டே அவிழ்த்துக் கொடுத்தார். ஜீப்பில் கொண்டுபோய் வைத்தேன். கோடு இறங்கவில்லை. மாட்டின் மணி வெண்கலம், அதையும் கழற்றினேன். கயிறு நைலான். இறங்கவில்லை. அம்மாளை மட்டும் குடுவைப் பக்கம் நடக்கச் சொன்னார் மேடம். கோடு அசையவில்லை. மாட்டை மட்டும் நடக்க விட்டோம். கோடு எழுந்தது.

மேடம் திரையையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், மாடுதான்" என்றார்.

"மாடு காந்தமா?"

பதில் ஆய்வாளரிடமிருந்து வந்தது. அவர் மாட்டின் பக்கத்தில் போய், முன்னங்காலுக்குப் பின்னால் கையை வைத்து அழுத்தினார். மாடு முனகி முதுகை வளைத்தது.

"உள்ள இரும்பு கீது. கம்பியோ ஆணியோ தின்னுக்கினு கீது. யம்மா, ஊட்டாண்ட எதுனா கட்டட வேல நடக்குதா?"

"பக்கத்து வூட்ல மாடி கட்றாங்க. எங்க வைக்கப்போர் அவங்க வேலியாண்டதான் கீது." அம்மாளின் குரல் இறங்கியிருந்தது. "அதான் தின்னாம மொணகிக்கினு கெடந்ததா?"

அப்போது மணி இரண்டே முக்கால். குடுவையில் இருந்தது இன்னும் அரை மணி நேரத்துக்கு. என் யோசனையை முறைப்படி சொன்னேன். மாட்டைத் தொலைவில் கட்டிவிடலாம். மீதி நேரத்தை அமைதியாக ஓட்டிவிட்டால் ஒரு மணி நேரப் பதிவு கையில் இருக்கும். நடுவில் உள்ள மேட்டுக்கு ஓர் அடிக்குறிப்பு போதும். 'எதிர்பாராத குறுக்கீடு, உடனடியாக அகற்றப்பட்டது'. அடிக்குறிப்பில் அடங்காத தவறு எதுவும் அரசுப் பணியில் கிடையாது.

மேடம் எதை யோசிக்கிறார் என்று தெரிந்தது. அந்த அறை.

"நேர்க்கோட்டைக் கொண்டுபோய்க் காட்டினா, கருவி ஓடிச்சா, நின்னு போயிருந்துச்சான்னு கேப்பாங்க சார்."

"ஓடினதுக்கு நான் சாட்சி எழுதித் தர்றேன்."

"மாடு வலியோட நிக்குது" என்றார் மேடம். பிறகு அம்மாளைப் பார்த்து, "மாட்டை இந்தப் பக்கம் கொண்டாங்கம்மா. மெதுவா. தலை முன்னால வர மாதிரி" என்றார்.

மீதி அரை மணி நேரமும் அந்த மாடு குடுவையைச் சுற்றி நடந்தது. தலைப்பக்கம், வால்பக்கம், இடதுபுறம், வலதுபுறம். மேடம் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு நடைக்கும் கோட்டின் உயரத்தைச் சொல்லச் சொல்ல, நான் தூரத்தை என் காலடியால் அளந்து எழுதினேன். முன்னங்காலுக்குப் பின்னால், இடதுபுறம், கீழே என்று முடிவுக்கு வந்தார். நான் அங்கதான கைய வெச்சேன் என்றார் ஆய்வாளர், கொஞ்சம் மனத்தாங்கலோடு. மூன்று பதினைந்துக்குக் கோடு தாறுமாறாக ஓடி நின்றது. குளிர் தீர்ந்துவிட்டது. மேடம் குடுவையின் வாயை அடைத்து, உலர்ந்த வாயுவை உள்ளே விட்டு மூடி, துணி சுற்றினார். கலனைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தேன். ஆய்வாளர் என்னிடம் மறுபடி ஒரு கையெழுத்து வாங்கினார்.

ஆக, பதிவு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே இருந்தது. அதில் பாதி மாடு.

மாட்டைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உண்மையான மருத்துவர்கள் வயிற்றைத் திறந்து ஓர் ஆணியையும் ஒரு சாண் கட்டுக்கம்பியையும் எடுத்தார்கள். ஆணி இருந்த இடம் மேடம் சொன்ன இடம்தான். ஆய்வாளர் சொன்ன இடமும் அதுதான். மாடு பத்து நாளில் தீனி எடுக்கத் தொடங்கியது.

உணரி அப்படிப் பிழைக்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடி குளிரில் இறக்கிப் பார்த்தபோது அது எதையும் கேட்கவில்லை என்று மேடம் சொன்னார். எங்கேயோ ஈரம் புகுந்திருக்கிறது. இனி அவரிடம் இருந்தது அந்தப் பதிவு மட்டும். அதை அப்படியே, அடிக்குறிப்பு எதுவும் இல்லாமல், குழுவுக்கு முன்னால் வைத்தார். ஒரு மணி நேரமும் மாடு பக்கத்தில் இல்லாமல் இருந்திருக்கலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டாராம். இன்னொருவர் கேட்டதுதான் விவகாரமானது: உள்ளே இருந்தது ஆணிதான் என்பதற்கு என்ன ஆதாரம்? அந்த ஆணியைச் சமர்ப்பிக்க முடியுமா? அதன் காந்த வலிமையை அளந்து பதிவோடு ஒப்பிட்டால் ஏற்றுக்கொள்ளலாம்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். நான் திருப்புலிவனத்துக்குப் போனேன்.

"ஆணியா?" என்றார் அம்மாள். "அதோ கீது பாரு."

மாட்டுக் கொட்டகைச் சுவரில் அடித்திருந்தார். அதில் ஒரு முறம் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, வயித்துல இருந்து எடுத்த ஆணியை யாராவது சுவத்துல அடிப்பாங்களா?"

"வேற எங்க அடிப்பாங்க? நல்ல ஆணி. கொஞ்சம் கோணிக்கினு இருந்தது, கல்லுல வெச்சு நிமித்தினேன்."

"அதை ஆபீஸ்ல கேக்கறாங்க."

"எம்மாடு உசிரோட வெளிய வந்ததுக்கு அடையாளமா அட்ச்சு வெச்சிக்கினு கீறேன். புடுங்கித் தரமாட்டேன். கட்டுக்கம்பி வேணும்னா எடுத்துக்கினு போ."

கட்டுக்கம்பியை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்றே மேடத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"சுத்தியாலயா அடிச்சாங்க?"

"வேற எதால அடிப்பாங்க?"

"சுத்தியல் அடி பட்டா அதோட காந்தமே மாறிடும் சார். இனிமே புடுங்கிக் கொடுத்தாலும் அது பழைய ஆணி இல்ல."

தொடர்ந்து ஒரு விநோதமான ஓசை வந்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்ற பிறகு, அறையில் உள்ள சாமான்களுக்குப் பட்டியல் போட வேண்டியிருக்கும், நீங்கள் வந்து உதவ முடியுமா என்று கேட்டார்.

சாமான்களுக்குப் பட்டியல் போடுவதில் எனக்கு இணை கிடையாது. ஆனால் அன்று நான் வேறொன்று எழுதினேன். ஒரு பொருளைச் சமர்ப்பிக்க இயலாதபோது, அது எங்கே இருக்கிறது, ஏன் இயலவில்லை என்று சான்றளிக்கும் முறை ஒன்று உண்டு. பணிக்காலத்தில் நான் அதை மற்றவர்களிடம் கேட்டு வாங்கித்தான் பழக்கம். மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, கட்டுக்கம்பி, நைட்ரஜன் பதிவேட்டின் நகல், ஆய்வாளரின் கையெழுத்து, நிலத்துக்கார அம்மாளின் கையெழுத்து எல்லாவற்றையும் இணைத்தேன். ஆணியைப் பற்றி இப்படி எழுதினேன்: 'மேற்படி பொருள் விலங்கின் வயிற்றிலிருந்து அகற்றப்பட்ட பின், அதன் உரிமையாளரால் அதன் மூல நோக்கத்துக்கே பயன்படுத்தப்பட்டு வருகிறது. சுத்தியலால் அடிக்கப்பட்டதால் அதன் காந்தத் தன்மை மாறியிருக்கும் என்பதும் தெரிவிக்கப்படுகிறது.' இரண்டாவது வாக்கியம் வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். இருக்கட்டும் என்றார் மேடம்.

குழுவிலிருந்து பதில் வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் படலம் வளர்க்கும் கலத்தின் திருகுகளைக் கழற்றாமல் வைத்திருந்தார் மேடம். கழற்றச் சொல்லி இரண்டு முறை குறிப்பு வந்தும், எழுத்தில் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினாராம். யாரிடம் கற்றுக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

திட்டத்துக்கு ஓராண்டு நீட்டிப்பு. அறை அவரிடமே இருக்கும். புதிய உணரி ஒன்றைச் செய்து, களச் சோதனையை மறுபடி நடத்திக் காட்ட வேண்டும். கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு நிபந்தனை: 'இம்முறை சோதனையிடத்தைச் சுற்றி அரை கிலோமீட்டர் தொலைவுக்குக் கால்நடைகள் எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்து, உள்ளூர் அலுவலரிடம் சான்று பெற்று இணைக்கவும்.'

மேடம் இப்போது புதுப் படலத்தை வளர்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று சுட்டது நன்றாக வந்திருக்கிறதாம். சான்று தர ஆய்வாளர் தயார்; இடத்தைக் காட்டுங்கள், எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். இடத்தைக் காட்ட வேண்டியது என் பொறுப்பு. போன வாரம் திருமுக்கூடலுக்குப் போய்ப் பாலாற்று மணலில் நின்று பார்த்தேன். ஆள் அரவமே இல்லை. முப்பது எருமைகள் படுத்திருந்தன. வட்டத்து வரைபடத்தை மேசைமேல் விரித்து, மாடு இல்லாத இடம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.